ஒன்பது முறை நின்ற டிரக்: ஒரு ரேடியோ கட்டுப்பாட்டு வண்டியைப் பழுதின்றி ஓடவைத்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

கோவையின் கிழக்குப் புறநகரில், பல்சக்கரம் வெட்டும் பட்டறை ஒன்றில் ஹாபிங் இயந்திரத்தை இயக்கும் ஒருவரும் பதினோராம் வகுப்புப் படிக்கும் அவருடைய மகனும், டிசம்பர் மாதத்தில் ஏற்கெனவே ஒருவர் ஓட்டிய ரேடியோ கட்டுப்பாட்டு டிரக் ஒன்றை வாங்கினார்கள். உண்மை வண்டியில் பத்தில் ஒரு பங்கு அளவு, பின்சக்கரங்களுக்கு மட்டும் இயக்கம், 550 அளவிலான பிரஷ் மோட்டார், 2 செல் லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி என்ற அமைப்பு அது. பொம்மைக் கடையில் கிடைக்கும் வண்டி உடைந்தால் தூக்கி எறிய வேண்டியதுதான். இவ்வகை வண்டியில் ஒவ்வொரு திருகும் ஒவ்வொரு பேரிங்கும் தனித்தனியே கழற்றி மாற்றக்கூடியவை. தந்தைக்கு அந்த வண்டி பிடித்துப்போனதற்கு அதுவே காரணம்.

ஓட்டிய இடம் வீட்டுக்குப் பின்னால் உள்ள காலி மனையும், கோடையில் வற்றிக் கிடக்கும் ஒரு குளத்தின் படுகையும். மனையில் செம்மண்ணும் சரளையும். குளத்தில் வெடித்துக் காய்ந்த கரிசல். இரண்டிலும் தூசுக்குப் பஞ்சமில்லை. சீராகச் சமன்செய்யப்பட்ட பந்தயத் தளத்தில் ஓடும் வண்டிக்கும், இப்படிப்பட்ட மண்ணில் ஓடும் வண்டிக்கும் பராமரிப்பில் உள்ள வேறுபாடு பெரிது என்பதால் இதைத் தொடக்கத்திலேயே குறிப்பிடுகிறேன்.

வண்டி என்னிடம் வந்தது மார்ச் மாத இறுதியில். இவ்வகை வண்டிகளைப் பல ஆண்டுகளாக வைத்திருப்பவன் என்ற முறையில் தந்தை என்னைத் தேடி வந்தார். கையில் ஒரு அட்டைப்பெட்டி நிறைய உடைந்த பாகங்கள் இருந்தன.

முதல் நான்கு மாதங்கள்

இருவரிடமும் தனித்தனியே கேட்டு, வாங்கிய ரசீதுகளையும் கைப்பேசிப் படங்களையும் வைத்து நடந்தவற்றை வரிசைப்படுத்தினோம். டிசம்பர் முதல் மார்ச் வரை வண்டி மொத்தம் 14 பேட்டரி அளவு, அதாவது 14 முழுச் சார்ஜ் தீரும் வரை, ஓடியிருந்தது. அதற்குள் ஒன்பது முறை ஓட்டம் பாதியில் நின்றிருந்தது. மோட்டாரின் விசையை வாங்கும் பெரிய பல்சக்கரமான ஸ்பர் கியர் மூன்று முறை பல் தின்றது. பின் டிரைவ் ஷாஃப்ட் ஒன்று முறுக்கிக்கொண்டது. முன்பக்க பல்க்ஹெட் எனப்படும் மையத் தாங்கி விரிந்தது. திசை திருப்பும் சர்வோவின் உள்பற்கள் உதிர்ந்தன. ஒரு சக்கர நட்டு கழன்று மண்ணில் தொலைந்தது. மோட்டார் சூடாகி ஒரு மாலை முழுக்க ஓட மறுத்தது. கடைசியாக, பேட்டரி உப்பியது.

ஒவ்வொரு முறையும் அவர்கள் செய்தது ஒன்றுதான்: உடைந்த பாகத்தைவிட வலுவான பாகத்தைத் தேடி வாங்கினார்கள். முறுக்கிக்கொண்ட நைலான் ஷாஃப்டுக்குப் பதில் எஃகு ஷாஃப்ட் வந்தது. முன்பக்க சஸ்பென்ஷன் கை ஒருமுறை கீறல் விழுந்ததால் இரண்டு கைகளும் அலுமினியத்துக்கு மாறின. அதற்குப் பின் வந்த முதல் மோதலிலேயே பல்க்ஹெட் விரிந்தது. நைலான் கை வளைந்து வாங்கிக்கொள்ளும் அடியை அலுமினியக் கை வளையாமல் அப்படியே உள்ளே கடத்தியதுதான் அதற்குக் காரணம். செலவு பதினோராயிரம் ரூபாயைத் தாண்டியிருந்தது. அதில் பாதிக்கு மேல் பளபளப்பான உலோகப் பாகங்களுக்குப் போயிருந்தது. மகன் அடுத்ததாக எஃகு ஸ்பர் கியரும் பிரஷ் இல்லாத மோட்டாரும் வாங்க வேண்டும் என்றான். தந்தைக்கு அதில் உடன்பாடு இல்லை, ஆனால் ஏன் என்று சொல்லத் தெரியவில்லை.

வண்டியைப் பிரித்தபோது கண்டவை

முதல் நாள் எதையும் மாற்றவில்லை. வண்டியைக் கழுவாமல், துடைக்காமல், வந்த நிலையிலேயே ஒரு வெள்ளைத் துணியின் மீது வைத்துப் பிரித்தோம். மண் எங்கே தேங்கியிருக்கிறது, எண்ணெய் எங்கே கசிந்திருக்கிறது, எந்தத் திருகு கையாலேயே சுழல்கிறது என்பவை துடைத்த பிறகு தெரிவதில்லை.

மோட்டாரைப் பிடித்திருக்கும் இரண்டு 3 மி.மீ. திருகுகளில் ஒன்று பாதி கழன்றிருந்தது. உலோகத்தில் உலோகமாக இறங்கும் அந்தத் திருகுகளில், அதிர்வில் கழலாமல் பிடித்துவைக்கும் பூட்டுப் பசை துளியும் இல்லை. அதே வேளையில், பிளாஸ்டிக்கில் இறங்கும் திருகுகள் பலவற்றில் அந்தப் பசை தாராளமாகப் பூசப்பட்டிருந்தது. இது தலைகீழ் வேலை. பூட்டுப் பசை உலோக இணைப்புகளுக்கானது. சில வகை பிளாஸ்டிக்குகளை அது நொறுங்கச் செய்யும். சக்கர நட்டு தொலைந்ததற்கும் முதல் ஸ்பர் கியர் போனதற்கும் இந்த அதிர்வுத் தளர்ச்சி ஒன்றே போதுமான விளக்கம் என்று அப்போதே தோன்றியது. மோட்டார் ஒரு பக்கம் நகர்ந்தால், அதன் தண்டில் இருக்கும் சிறிய பல்சக்கரமான பினியனும் ஸ்பரும் பல்லின் நுனியில் மட்டுமே தொட்டுக்கொள்ளும்.

ஸ்லிப்பர் கிளட்சின் நட்டு கடைசி வரை இறுக்கப்பட்டு, அதன் ஸ்பிரிங் முழுவதும் நசுங்கியிருந்தது. ஸ்பர் கியருக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே இருக்கும் இந்தக் கிளட்ச், திடீர் அதிர்ச்சி வரும்போது சற்று வழுக்கிப் பற்களைக் காப்பாற்றுவதற்காக வைக்கப்பட்டது. வண்டி கிளம்பும்போது கேட்ட வழுக்கல் சத்தத்தைப் பழுது என்று நினைத்து, முந்தைய உரிமையாளரோ இவர்களோ அதை இறுக்கியிருக்க வேண்டும். யார் என்பது தெளிவாகவில்லை. இருவருமே தாங்கள் இல்லை என்றார்கள், நானும் வற்புறுத்தவில்லை.

எட்டுச் சக்கர பேரிங்குகளில் ஐந்து, விரலால் சுற்றினால் மணல் அரைபடும் ஒலியோடு சுழன்றன. ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் தந்தை வண்டியைப் பட்டறைக்கு எடுத்துச் சென்று, கம்ப்ரசர் காற்றை நேராகப் பேரிங்கின் மீது பீய்ச்சிச் சுத்தம் செய்து வந்திருக்கிறார். அத்தனை அழுத்தத்தில் வரும் காற்று தூசை வெளியேற்றுவதைவிட மூடியைத் தாண்டி உள்ளே தள்ளவே அதிகம் வாய்ப்பு உண்டு. எண்ணெய் இல்லாத பேரிங்கைக் காற்றால் சுழற்றுவது அதன் குண்டுகளையும் தேய்க்கும். பட்டறையில் பெரிய பேரிங்குகளுக்கு இதைச் செய்யக்கூடாது என்று தாமே உதவியாளர்களைக் கடிந்துகொள்வதுண்டு என்று அவர் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்.

பேட்டரியின் கதை தனி. வேகக் கட்டுப்பாட்டுச் சாதனத்தில், மின்னழுத்தம் குறைந்தால் மோட்டாரை நிறுத்தும் காப்பு வசதி இருந்தது. ஆனால் அது அணைத்து வைக்கப்பட்டிருந்தது. பழைய வகை நிக்கல் பேட்டரிக்கு அப்படி வைப்பது சரி, லைப்போவுக்குச் சரியல்ல. உப்பிய பேட்டரியின் ஒரு செல் 3.4 வோல்ட்டும் மற்றொன்று 2.7 வோல்ட்டும் காட்டின.

மோட்டார் சூட்டை அளக்க, மாற்றுப் பேட்டரி போட்டு, வண்டி இருந்தபடியே பத்து நிமிடம் ஓட்டினோம். அகச்சிவப்பு வெப்பமானியைப் பளபளப்பான உலோகத்தின் மீது காட்டினால் அது உண்மையைவிடக் குறைத்தே காட்டும் என்பதால், மோட்டார் உடலில் கருப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டி அதன் மீது அளந்தோம். 104 டிகிரி செல்சியஸ். அன்று வெளியே 35 டிகிரி.

பினியனின் அளவு

மூன்று ஸ்பர் கியர்களில் முதலாவதன் மரணத்துக்கு தளர்ந்த திருகு விளக்கம் தந்தது. மற்ற இரண்டுக்கும் தரவில்லை. அவை இரண்டும் பிப்ரவரியில், அடுத்தடுத்த மூன்று ஓட்டங்களுக்குள் போனவை. திருகு அப்போது இறுக்கமாகவே இருந்தது என்று மகன் உறுதியாகச் சொன்னான். இரண்டிலும் பற்கள் ஓரிடத்தில் உடையாமல் சுற்றிலும் ஒரே சீராக அரைபட்டிருந்தன. கல் சிக்கினால் ஓரிடத்தில்தான் பல் போகும். இடைவெளி தவறாக இருந்தாலும் சுற்றிலும் தேயக்கூடும் என்பதால், மோட்டாரை நெருக்கிவைத்திருப்பார்கள் என்று நான் முடிவுகட்டியிருந்தேன்.

அந்த முடிவு தவறு என்று காட்டியவர் தந்தை. பினியனைக் கழற்றிக் கையில் வைத்து ஒரு கணம் உருட்டிப் பார்த்தவர், பையிலிருந்து வெர்னியரை எடுத்து வெளிவிட்டத்தை அளந்தார். 12.5 மி.மீ. பற்களை எண்ணினார். 23. பிறகு, “இது டி.பி. பல் இல்லீங்க, மாட்யூல் பல்லு” என்றார்.

அந்த வண்டியின் ஸ்பர் கியர் 48 டி.பி. வகை. அதாவது, அங்குலக் கணக்கில் வெட்டப்பட்ட பல். அதே கணக்கில் 23 பல் பினியன் ஒன்றின் வெளிவிட்டம், பல் எண்ணிக்கையோடு இரண்டைக் கூட்டி 48-ஆல் வகுத்து மில்லிமீட்டருக்கு மாற்றினால், 13.2 மி.மீ. வர வேண்டும். மில்லிமீட்டர் கணக்கான மாட்யூலில், 0.5 அளவில் வெட்டியிருந்தால் 12.5 மி.மீ. வரும். வெர்னியர் காட்டியது இரண்டாவது எண்ணை. 48 டி.பி.யை மாட்யூலாக மாற்றினால் 0.529 என்பதால், கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஆனால் ஒரு பல்லிலிருந்து அடுத்த பல்லுக்கான தூரம் ஒன்றில் 1.66 மி.மீ., மற்றொன்றில் 1.57 மி.மீ. இந்த வேறுபாட்டோடு அவை ஒன்றோடொன்று சுழலும்; ஆனால் ஒவ்வொரு பல்லும் தவறான இடத்தில் இறங்கி, மென்மையான பக்கத்தை, அதாவது நைலானை, அரைத்துக்கொண்டே போகும். பினியன் வந்த உறையைத் தேடி எடுத்தபோது விற்பனையாளர் பெரிய எழுத்தில் 48 என்றும், ஓரத்தில் சிறிய எழுத்தில் 0.5 என்றும் இரண்டையும் அச்சிட்டிருந்தது தெரிந்தது.

அந்தப் பினியனைப் போட்ட நாளிலிருந்து வண்டி ஊளையிடும் சத்தத்தோடு ஓடியிருக்கிறது. மகன் அதை வேகத்தின் சத்தம் என்று எண்ணி மகிழ்ந்திருக்கிறான். எஃகு ஸ்பர் கியர் வாங்கியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை இந்த இடத்தில் யோசித்துப் பார்த்தோம். ஊளை இன்னும் கூடியிருக்கும். பற்கள் போகாமல் நின்று, அந்த அதிர்வு மோட்டாரின் புஷ்ஷுக்கும் கியர்பாக்ஸுக்கும் போயிருக்கும். நைலான் கியர் இரண்டு முறை அரைபட்டுச் சொன்ன செய்தியை அடைத்துவிட்டு, அதைவிட விலையுள்ள பாகத்தை இழந்திருப்பார்கள்.

சூட்டுக்கும் இதே பினியனில் பதில் இருந்தது. வண்டியோடு வந்த பினியன் 19 பல். அதை 23 ஆக்கியதோடு, 110 மி.மீ. விட்டமுள்ள டயர்களை எடுத்துவிட்டு 120 மி.மீ. டயர்களையும் போட்டிருந்தார்கள். ஒவ்வொன்றும் தனித்தனியே சிறிய மாற்றமாகத் தோன்றும். இரண்டையும் பெருக்கினால், மோட்டாரின் ஒரு சுற்றுக்கு வண்டி முன்னைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அதிக தூரம் நகர வேண்டியிருக்கிறது. அந்தச் சுமை முழுவதும் மின்னோட்டமாகவும் வெப்பமாகவும் மாறுகிறது.

எடுத்த முடிவுகளும் அவற்றின் காரணங்களும்

முதலில் ஒரு ஒப்பந்தம் செய்துகொண்டோம். பழைய நிலைக்குத் திருப்பும் வேலைகளை ஒரே முறையில் முடித்துவிடுவது. அதன் பிறகு எந்த மேம்பாடும் ஒரு நேரத்தில் ஒன்று மட்டும், அதுவும் இரண்டு பேட்டரி ஓடிய பின்னரே அடுத்தது. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் தேதி, இடம், மோட்டார் சூடு, ஓட்டம் முடிந்தபோது ஒவ்வொரு செல்லின் மின்னழுத்தம், கழன்ற அல்லது உடைந்த பாகம் ஆகியவற்றை நாற்பது பக்க நோட்டு ஒன்றில் எழுதும் பொறுப்பை மகன் ஏற்றான். ஏற்றான் என்பதைவிட, வேறு வழியில்லாமல் ஒத்துக்கொண்டான் என்பதே சரி.

பினியன் 48 டி.பி.யில் 19 பல்லாக, எஃகில் மாற்றப்பட்டது. அதன் பூட்டுத் திருகு மோட்டார் தண்டின் தட்டையான பக்கத்தில் அமரும்படி பார்த்து, நடுத்தர வலிமையுள்ள நீல நிறப் பூட்டுப் பசையுடன் இறுக்கினோம். இரண்டு கியர்களுக்கும் நடுவே ஒரு மெல்லிய காகிதத் துண்டைக் கொடுத்து மோட்டாரை நெருக்கி இறுக்கிவிட்டு, பிறகு காகிதத்தைச் சுற்றி வெளியே எடுத்தால் கிடைக்கும் இடைவெளியே போதுமானது. தந்தை இதைக் காதால் கேட்டே வைக்கக்கூடியவர் என்றாலும், மகன் தனியாகச் செய்ய வேண்டும் என்பதற்காகக் காகித முறையையே பின்பற்றினோம்.

ஸ்பர் கியரை நைலானிலேயே விட்டோம். இது சிக்கனம் கருதி எடுத்த முடிவு இல்லை. மோட்டாரிலிருந்து சக்கரம் வரையிலான வரிசையில் ஏதோ ஒன்று முதலில் விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும் என்றால், அது நான்கு திருகில் கழற்றக்கூடிய, விலை குறைந்த, கையிருப்பில் வைக்கக்கூடிய பாகமாக இருக்கட்டும் என்று எண்ணினோம். ஸ்லிப்பர் கிளட்சைத் தளர்த்தி, நின்ற இடத்திலிருந்து முழு விசை கொடுத்தால் ஒன்று முதல் இரண்டு அடி வரை வழுக்கல் சத்தம் கேட்கும்படி அமைத்தோம். அதே எண்ணத்தில் முன்பக்க அலுமினியக் கைகளும் கழற்றப்பட்டு நைலான் கைகள் திரும்பி வந்தன. எஃகு ஷாஃப்டுகளை மட்டும் வைத்துக்கொண்டோம். முறுக்கிக்கொண்ட பழைய ஷாஃப்டின் பிழை இறுக்கமான கிளட்சால் வந்ததாகவே இருக்கலாம். ஆனாலும் ஏற்கெனவே வாங்கிவிட்டதைத் தூக்கி வைக்க மனம் வரவில்லை. இதில் தர்க்கம் குறைவு என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

பேரிங்குகளைக் காந்திபுரம் பக்கத்துக் கடையில் எண் சொல்லி வாங்கப் போனபோது ஒரு சிறு தடங்கல் ஏற்பட்டது. 5 மி.மீ. உள்விட்டம், 11 மி.மீ. வெளிவிட்டம் என்று சொன்னதும் கடைக்காரர் 685 என்ற எண்ணை எடுத்துத் தந்தார். மூடியுள்ள 685-இன் அகலம் 5 மி.மீ.; இந்த வண்டிக்கு வேண்டியது 4 மி.மீ. அகலமுள்ள எம்.ஆர். 115. ஒரு மில்லிமீட்டர் கூடுதல் அகலத்தில் சக்கர நட்டை இறுக்கினால் சக்கரமே சுற்றாது. உலோக மூடியைவிட இரு பக்கமும் ரப்பர் மூடியுள்ளவை தூசுக்கு ஏற்றவை என்பதால் அவற்றையே தேர்ந்தோம். கம்ப்ரசருக்கு விடை கொடுத்து, பெயின்ட் பிரஷ்ஷும் பழைய பல்துலக்கியும் சுத்தம் செய்யும் கருவிகளாயின.

திருகுகளைப் பொறுத்தவரை, மகனுக்கு ஒரே ஒரு பழக்கத்தைக் கற்றுக்கொடுத்தேன். பிளாஸ்டிக்கில் திருகைத் திரும்பப் போடும்போது முதலில் எதிர்ப்புறமாக மெல்லச் சுற்றி, பழைய புரியில் அது ‘டக்’கென்று இறங்குவதை உணர்ந்த பிறகே இறுக்க வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு முறையும் புதுப் புரி வெட்டி, ஐந்தாவது முறையில் துளையே கெட்டுவிடும். விலை மலிந்த ஆலன் கீயால் உருண்டுபோயிருந்த திருகுத் தலைகள் அனைத்தும் மாற்றப்பட்டு, 2 மற்றும் 2.5 மி.மீ. அளவில் கெட்டியான இரண்டு கீகள் வாங்கப்பட்டன. இந்த நிகழ்வில் செலவழித்த பணத்தில் மிகப் பயனுள்ளது எது என்று கேட்டால் அந்த இரண்டு கீகளையே சொல்வேன்.

உப்பிய பேட்டரியைச் சிறு பல்பு ஒன்றின் மூலம் மெல்ல வடியவிட்டு, மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் ஒப்படைத்தோம். புதிய 5000 எம்.ஏ.எச். பேட்டரிக்கு, வேகக் கட்டுப்பாட்டுச் சாதனத்தின் காப்பு வசதி இயக்கி வைக்கப்பட்டது. அது மட்டும் போதாது. அச்சாதனம் இரண்டு செல்களின் கூட்டுத் தொகையை மட்டுமே பார்க்கிறது, 6.4 வோல்ட்டில் நிறுத்துகிறது என்றால், அந்த 6.4 என்பது 3.2-உம் 3.2-உமாக இருக்கலாம், 3.6-உம் 2.8-உமாகவும் இருக்கலாம். எனவே ஒவ்வொரு செல்லையும் தனியே பார்த்து ஒலிக்கும் சிறு பஸ்ஸர் ஒன்றை, பேட்டரியின் ஒவ்வொரு செல்லுக்கும் தனி இணைப்புத் தரும் சமநிலை ஒயரில் செருகினோம். சார்ஜ் செய்வது 5 ஆம்பியருக்கு மேல் போகாமல், சமநிலை முறையில், ஆள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும், மாடிப்படிக்குக் கீழே சிமெண்ட் தரையில் ஒரு மண்சட்டிக்குள் வைத்து என்று முடிவானது. முன்பு அது மகனின் கட்டிலின் மீது நடந்து வந்தது. ஓட்டாத வாரங்களில் செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வைக்கவும் தொடங்கினார்கள்.

பிரஷ் இல்லாத மோட்டார் பற்றிய கோரிக்கையைத் தள்ளிவைத்தோம். வேகம் வேண்டும் என்று பதினாறு வயதுப் பையன் கேட்பதில் தவறு ஒன்றும் இல்லை. இருபது பேட்டரி தொடர்ந்து ஓடும் வரை அதைப் பேசுவதில்லை என்று மட்டும் சொன்னேன். அடுத்த இரண்டு ஞாயிற்றுக்கிழமை அவன் வரவில்லை.

நடுவில் நேர்ந்த பிழை

இந்தப் பகுதியில் உள்ள தவறு என்னுடையது. பல் உதிர்ந்த சர்வோவுக்குப் பதிலாக, உலோகப் பற்களும் அதிக முறுக்குவிசையும் கொண்ட ஒன்றை நான்தான் தேர்ந்தெடுத்தேன். பழைய சர்வோ சேவரை, அதாவது சக்கரத்தில் படும் அடியை ஸ்பிரிங்கால் வாங்கிக்கொள்ளும் பாகத்தை, அப்படியே வைத்ததால் வேறு கவலை இல்லை என்று நினைத்தேன்.

ஏப்ரல் இறுதியில், மாற்றங்களுக்குப் பிந்தைய ஆறாவது பேட்டரியில், குளத்துப் படுகையை ஒட்டிய சுற்றுச்சுவரை நோக்கி முழு வேகத்தில் போய்க்கொண்டிருந்த வண்டி, திருப்பிய கணத்தில் கட்டளையை ஏற்காமல் ஒரு நொடிக்கு மேல் நேராக உருண்டு சுவரில் மோதியது. முன்பக்க ஹப் தாங்கி உடைந்தது. ஓட்டியவரிடமிருந்து ஏறத்தாழ 40 மீட்டர் தொலைவில் இது நடந்ததால், எல்லோரும் ரேடியோ அலையைக் குறைசொன்னோம். ஆண்டெனா குழாயை நேராக்கினோம், டிரான்ஸ்மிட்டரின் பேட்டரிகளை மாற்றினோம். அடுத்த வாரம் 10 மீட்டர் தொலைவிலேயே அது மீண்டும் நடந்தது. நல்லவேளையாக, திறந்த வெளியில்.

இரண்டு முறையும் பொதுவாக இருந்தது தொலைவு அல்ல, திடீர்த் திருப்பம் என்பதைக் குறிப்பு நோட்டில் கண்டது மகன். ரிசீவரின் காலித் துளையில் மல்டிமீட்டரை வைத்து, வண்டியைச் சிமெண்ட் தரையில் நிறுத்தி, சக்கரங்களை இடமும் வலமும் வேகமாகத் திருப்பினோம். 5.9 வோல்ட் 4.1-க்கு விழுந்தது. மீட்டரின் வேகத்துக்கு அது காட்டிய எண் அது. உண்மையான வீழ்ச்சி இன்னும் ஆழமாக இருந்திருக்கும். வேகக் கட்டுப்பாட்டுச் சாதனம் ரிசீவருக்கும் சர்வோவுக்கும் தரக்கூடிய மின்னோட்டம் ஒரு ஆம்பியர் அளவுதான். புதிய சர்வோ அழுத்தத்தில் அதைப்போல் பல மடங்கு இழுத்ததால், ரிசீவர் அணைந்து மறுபடி இயங்கி டிரான்ஸ்மிட்டரைத் தேடிக்கொண்டிருந்தது. தொடர்பு அறுந்தால் வண்டியை நிறுத்தும் ஃபெயில்சேஃப் அமைப்பைச் சரியாகவே வைத்திருந்தோம். ஆனால் ரிசீவருக்கே மின்சாரம் இல்லாதபோது அதை நம்பியிருக்க முடியாது.

பேட்டரியிலிருந்து நேரடியாக 6 வோல்ட் தரும் 5 ஆம்பியர் மின்சீராக்கி ஒன்று தனியே பொருத்தப்பட்டது. இரண்டு மூலங்கள் ஒன்றோடொன்று மோதாமலிருக்க, வேகக் கட்டுப்பாட்டுச் சாதனத்தின் செருகியிலிருந்து சிவப்பு ஒயரை மட்டும் கழற்றி உறையிட்டோம். அதே சோதனையைத் திரும்பச் செய்தபோது மின்னழுத்தம் 5.8-க்குக் கீழே இறங்கவில்லை. வலுவான ஒரு பாகம் அடுத்த பலவீனத்தை வெளியே கொண்டுவரும் என்று பல்க்ஹெட்டைக் காட்டி அவர்களுக்கு விளக்கிய நானே, மின்சாரத்தில் அதையே செய்திருந்தேன்.

பின்விளைவு

ஏப்ரல் தொடங்கி ஆகஸ்ட் முடிய வண்டி 31 பேட்டரி ஓடியது. ஓட்டம் பாதியில் நின்றது நான்கு முறை. சர்வோ தொடர்பான இரண்டு நிகழ்வுகளை மேலே சொன்னேன். 15-வது பேட்டரியில் ஒரு ஷாக் அப்சார்பரின் பிளாஸ்டிக் மூடி துள்ளிக் கழன்று எண்ணெய் முழுவதும் கொட்டியது. நான்கு மூடிகளும் அலுமினியத்துக்கு மாறின. அடியைக் கடத்தும் பாகம் அல்ல என்பதால் அங்கு உலோகம் பொருத்தமே. 24-வது பேட்டரியில், சுத்தம் செய்த அவசரத்தில் கியர் மூடியைத் திரும்பப் போடாமல் விட்டதால் ஒரு சரளைக்கல் நுழைந்து ஸ்பர் கியரின் நான்கு பற்களை எடுத்துச் சென்றது. கையிருப்பில் இருந்த ஸ்பரை மனையிலேயே உட்கார்ந்து, இருபது நிமிடத்துக்குள் மகன் தானே மாற்றி ஓட்டத்தைத் தொடர்ந்தான்.

மோட்டார் சூடு அதே பத்து நிமிட ஓட்டத்துக்குப் பின் 74 முதல் 79 டிகிரிக்குள் நின்றது. முன்பு இருந்த மோட்டாரின் கம்யூட்டேட்டர் கருகியிருந்ததால் மே மாதத்தில் அதே வகையில் புதியது ஒன்று போடப்பட்டது. அதையும் கல் சிக்கிய அந்த ஸ்பரையும் தவிர இயக்க வரிசையில் வேறு எதுவும் மாற்றவில்லை. இரண்டாம் கட்டத்தின் செலவு, பேட்டரியும் சர்வோவும் மோட்டாரும் உட்பட, முதல் கட்டத்தைவிடக் குறைவு. பேட்டரி ஒன்றுக்கு என்று கணக்கிட்டால் வேறுபாடு இன்னும் பெரிதாகத் தெரியும்.

எதிர்பாராத ஒன்று ஜூன் மாதத்தில் வந்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் காற்று தொடங்கியதும் மனையின் செம்மண் தூசு பல மடங்காகி, பின் சக்கர பேரிங்குகள் ஆறு பேட்டரிக்கே கரகரக்கத் தொடங்கின. அதுவரை பத்து பேட்டரிக்கு ஒரு முறை என்று வைத்திருந்த சோதனையைக் காற்றுக் காலத்தில் ஐந்துக்கு ஒன்றாக்கினோம்.

மீண்டும் செய்ய நேர்ந்தால்

ஏற்கெனவே ஓடிய வண்டியை வாங்கிய அன்றே, ஒருமுறைகூட ஓட்டாமல், முழுவதும் பிரித்துப் பார்க்கச் சொல்வேன். ஸ்லிப்பரின் இறுக்கமும் பூட்டுப் பசை இல்லாத திருகும் அணைந்திருந்த காப்பு வசதியும் முதல் நாளே கண்ணில் பட்டிருக்கும்.

வாங்கிய ஒவ்வொரு கியரையும் உறையில் எழுதியிருப்பதை நம்பாமல் வெர்னியரால் அளப்பதை வழக்கமாக்குவேன். திருகுகள் மில்லிமீட்டரிலும், பற்கள் அங்குலக் கணக்கிலும், மோட்டார் தண்டு 3.175 மி.மீ. என்ற எட்டில் ஒரு அங்குலத்திலும் இருக்கும் இவ்வகை வண்டியில், ஒத்ததுபோல் தெரிவது ஒத்ததாக இருக்க வேண்டியதில்லை.

சர்வோவை மாற்றுவதற்கு முன்பே மின்னழுத்த வீழ்ச்சியை அளந்திருக்க வேண்டும். ஐந்து நிமிட வேலை. அதைச் செய்திருந்தால் ஹப் தாங்கி உடைந்திருக்காது. அதைவிட, பக்கத்தில் சிறுவர்கள் விளையாடிய ஒரு மாலையில், இரண்டே கால் கிலோ எடையுள்ள வண்டி கட்டுப்பாடின்றி உருண்டிருக்காது.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் என்ற விதியை நானே மே மாதத்தில் மீறினேன். மோட்டாரையும் ஷாக் எண்ணெயையும் ஒரே நாளில் மாற்றியதால், அடுத்த ஓட்டத்தில் வண்டியின் பின்பகுதி துள்ளியது எதனால் என்று கண்டுபிடிக்க இரண்டு வாரம் ஆனது. எண்ணெய்தான் காரணம், மெல்லியதாகப் போட்டிருந்தோம்.

இருபது பேட்டரி முடிந்ததும் பிரஷ் இல்லாத மோட்டார் பற்றிப் பேசலாம் என்ற வாக்குறுதியைச் செப்டம்பரில் நினைவூட்டியது தந்தை, மகன் அல்ல. மகன் நோட்டைப் புரட்டிவிட்டு, புதிய மோட்டாருக்கு முன்னால் கியர்பாக்ஸின் உள் கியர்களை ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும் என்றான். 31-வது பேட்டரிக்கு அவன் எழுதியிருந்த குறிப்பின்படி, வலது பின் சக்கரத்தின் வெளிப் பேரிங் மீண்டும் கரகரக்கிறது, எம்.ஆர். 115 இரண்டு டப்பாவில் இருக்கின்றன. கியர்பாக்ஸைத் திறக்கும் அன்றே அதையும் மாற்றுவதாக இருக்கிறார்கள்.